கடைவாயும் பொட்டுக்கடலையும்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பல் லேபில் கொஞ்ச நேரம் யாரும் பல்லைத் தொட மாட்டோம். மெழுகு உருக்கும் விளக்கை அணைத்துவிட்டு, என்னிடம் வேலை செய்கிற ரெஜினா, ஆட்டம் காட்டுகிற நாடிப்பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து காலை நீட்டுவாள். சற்று நேரத்தில் அவள் பட்டையிலிருந்து மணி கிணுகிணுக்கும். ஜெயித்துவிட்டாள் என்று அர்த்தம். பக்கத்துத் தையல் கடையிலிருந்து இன்னொரு மணி கேட்கும். எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமிருந்து நாலைந்து கேட்கும். ஒண்டிப்புதூர் முழுக்க ஒரே சமயத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும்.

நான் செயற்கைப் பல் செய்கிறவள். இந்த வேலைக்கு விரல் முக்கியம். ஒரு தலைமுடி அளவு தூக்கலாக இருந்தாலும் கடிக்கிறவர் மறுநாளே வந்து நிற்பார். அதே விரலால்தான் இந்தக் காலத்து கேமிங் சாமான்களையும் தொட்டுப் பார்க்கிறேன். அதனால் எனக்குக் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

போன மாதம் ‘காற்றுக் கைப்பிடி’ என்று ஒன்று வந்தது. கனம் கிடையாது, பட்டன் கிடையாது. அழுத்த வேண்டும் என்று நினைத்தாலே போதுமாம். நினைத்தாலே போதும் என்றால் ஆண்டவன் எனக்கு எதற்குக் கட்டைவிரலைக் கொடுத்தான்? பட்டன் என்றால் அமுங்க வேண்டும். அமுங்கும்போது ஓரிடத்தில் முரண்டு பிடிக்க வேண்டும், பிடித்துவிட்டுத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். முரண்டு பிடிக்காத பட்டன் பட்டன் அல்ல, சப்பாத்தி மாவு. அதற்கு முந்தின மாதம் அதிர்வுக் கையுறை வந்தது. மழையில் நனைந்த சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இதையெல்லாம் நான் மனதுக்குள் வைத்துக்கொள்வதில்லை. ‘பட்டன் மன்றம்’ என்கிற இணைய மன்றத்தில் ‘கடைவாய்’ என்ற பெயரில் கிழிகிழியென்று கிழித்து எழுதிவிடுவேன்.

விசித்திரம் என்னவென்றால், எத்தனை திட்டினாலும் என் பதிவுகளுக்கு ஐந்து ஸ்டார்தான் விழும். அந்தக் கையுறைக் கம்பெனிக்காரன் என் விமர்சனம் வந்த அடுத்த வாரமே இன்னொரு ஜோடியைப் பூப்போட்ட காகிதத்தில் சுற்றி அனுப்பினான். சூடு சுரணை இல்லாத கம்பெனி என்று நினைத்து அதை அலமாரி அடியில் தள்ளினேன்.

“ஏங்க்கா, ஒருக்கா இந்த மீன்காரி ஆட்டத்தை ஆடிப் பாருங்களே. அத்தனை நல்லாருக்குது” என்றாள் ரெஜினா ஒரு நாள்.

“எத்தனை தடவை தோத்தே?”

“தோக்கறதா? எதுக்குத் தோக்கணும்?”

“கடல்ல சுறா வருமில்ல. அது உன்னைக் கடிக்காதா?”

“கிட்ட வரும்க்கா. எனக்கு நெஞ்சு படபடங்கும் பாருங்க, அப்பத் திரும்பிப் போயிரும். பட்டைதான் சொல்லிருமே, இவளுக்கு இவ்வளவுதான் தாங்கும்னு.”

“உன்ற ஊட்டுக்காரர் ஆடறாரே, அதுலயும் சுறா திரும்பிப் போயிருமா?”

“அவருக்குச் சுறாவே கெடையாதுங்க்கா. அவருக்குப் பயம். டால்பின்தான் வருதாம்.”

இதுதான் நெகிழாட்டம். ஆடுகிறவனின் நாடியைப் பார்த்து ஆட்டம் வளைந்து கொடுக்கும். அலுப்புத் தட்டும் முன் கொஞ்சம் கடினமாகும், அழுகை வரும் முன் கொஞ்சம் இளகும். ஒரே பெயருள்ள ஆட்டத்தை ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர் ஆடினால் அவை இரண்டு ஆட்டங்கள். பிறகு எதை வைத்து விவாதிப்பது? ‘உனக்கு வந்த சுறா எனக்கு வரவில்லை’ என்றால் அங்கேயே பேச்சு முடிந்தது. ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு வெற்றி, அவ்வளவுதான். நெகிழாத பழைய ஆட்டங்களை எங்களைப் போன்ற ஒரு சிலர் கல்லாட்டம் என்போம். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் கல்லாட்டம் ஆடுகிறவள் நான் ஒருத்திதான்.

என்னிடம் இருக்கிற கல்லாட்டத்தின் பெயர் ‘மதில்’. ஏழு மதிலை ஏறித் தாண்ட வேண்டும், வேறொன்றும் இல்லை. மதிலுக்கு உங்கள் நாடி, உங்கள் மனக்கவலை, நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் தெரியாது. விரல் சரியாக இருந்தால் ஏறலாம், இல்லையென்றால் விழ வேண்டியதுதான். ஏழாவது மதிலில் விளிம்பைத் தொட்ட அந்தக் கணமே குதிக்க வேண்டும். அது நியாயமான குதியா, செய்தவன் விட்ட பிழையா என்பதில்தான் எனக்கும் பொட்டுக்கடலைக்கும் சண்டை தொடங்கியது.

பொட்டுக்கடலை என் எதிரி. மன்றத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இணையக் கம்பி வழியே இருவரும் மதில் ஏறுவோம். ஒரு வாரம் நான் முந்துவேன், ஒரு வாரம் அவர். ஏறி முடித்ததும் எழுத்தில் ஒருவரையொருவர் வறுத்தெடுப்போம். ‘கடைவாய் மேடம், உங்கள் விமர்சனம் படித்தேன். சொத்தைப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டே இருக்கிற சுகம் கிடைத்தது’ என்று எழுதுவார். ‘நீங்கள் குதிப்பதைவிட விழுவது அழகாக இருக்கிறது, அதையே தொடருங்கள்’ என்பார். கோயமுத்தூர் ஜில்லாக்காரர் போலிருக்கிறது, திட்டும்போதும் ‘நீங்கள்’ குறையாது. படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிடும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் பேச்சுவார்த்தையை விட்டுப் பல காலம் ஆகிறது. வாரம் முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காத்திருப்பேன். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இதமொழிச் சட்டம் ஒன்று இருக்கிறது. கம்பி வழியே வருகிற எந்தச் சொல்லும், எழுத்தோ குரலோ, வாங்கிக்கொள்கிறவரின் நாடி தாங்குகிற அளவைத் தாண்டித் தைக்கக் கூடாது. பொருள் மாறாது, தொனி மட்டும் மாறும் என்று சொன்னார்கள். கெட்ட வார்த்தைகளை வெட்டுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. அமைப்பில் ஒரு நகர்த்துகோல் கொடுத்திருந்தார்கள். இடது கோடி இதம், வலது கோடி கூர்மை. எனக்கு எதையும் வடிகட்டாமல் கொடு என்று முதல் நாளே அதை வலது கோடிக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம் அதைத் தொடவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது. ‘சனிக்கிழமை கோயமுத்தூர் வருகிறேன். உங்கள் மதிலை நேரிலேயே இடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். தைரியம் இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள்.’

‘கதவு திறந்திருக்கும். விரல் இருந்தால் கொண்டு வாருங்கள்’ என்று பதில் எழுதி லேப் முகவரியையும் போட்டேன்.

மறுநாள் வேலையே ஓடவில்லை. பின்னறையில் கிடந்த சாமான்களை ஒதுக்கி, பழைய கன்சோலைத் துடைத்து டிவியில் மாட்டினேன். கம்பி வைத்த கன்ட்ரோலர்கள் இரண்டு என்னிடம் உண்டு. ஒன்றில் இடது குச்சி தானாக ஒரு பக்கம் நழுவும். அதைக் கழற்றிப் புதுக் குச்சி வைத்துப் பற்றவைத்தேன். நல்லதை அவருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தோற்றபிறகு கன்ட்ரோலர் மேல் பழி போட அந்த ஆளுக்கு நான் இடம் தருவதாக இல்லை. ரெஜினா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஏங்க்கா, பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்றாள். போய் வேலையைப் பார் என்றேன். ஆனால் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ரெஜினா வீட்டுக்குப் போனபிறகு அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பட்டன்கூடப் போட்டிருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றி ஓரமாக வைத்தார்.

“சம்யுக்தா மேடம்ங்களா? நானு நிகிலேஷ்ங்க. தாராபுரம். ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல பழைய ரைஸ்மில் சந்துல ஊடுங்க.”

“பொட்டுக்கடலையா?”

“அட, ஆமாங்க” என்று கூச்சத்தோடு சிரித்து, ஒரு பொட்டலம் கடலைமிட்டாயை இரண்டு கையாலும் நீட்டினார்.

இது ஒரு தந்திரம் என்று நினைத்தேன். ஆளைக் குளிர வைத்துவிட்டு அடிக்கப் பார்க்கிறார். பொட்டலத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, “பேச்செல்லாம் அப்பறம். உக்காருங்க” என்று நல்ல கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தாம்பாளம் ஏந்துவது போல ஏந்திக்கொண்டார். அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது.

முதல் மதிலில் விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். இரண்டாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டினார். மூன்றாவது மதிலில் விழுந்துகொண்டே இருந்தார். நான் ஏழாவதை முடித்துவிட்டுக் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை.

“இது கொஞ்சம் வேற மாதிரி இருக்குதுங்க. எங்கூட்டுல ஆடறப்ப அந்தச் செவுரு கொஞ்சம் கிட்ட வந்து நிக்குமுங்க” என்றார்.

“மதில் கிட்ட வராதுங்க. அது கல்லாட்டம்.”

“இல்லீங்க, வருமுங்க. இல்லாட்டிப் போன வாரம் உங்களை நான் எப்படிங்க ஜெயிச்சிருப்பேன்?”

“போன வாரம் ஜெயிச்சது நானு.”

“இல்லீங்களே” என்றார் பணிவாக. “போன வாரம் நானுங்க. நீங்ககூட வாழ்த்து சொன்னீங்களே.”

என் வாழ்நாளில் நான் யாருக்கும் வாழ்த்துச் சொன்னதில்லை. எனக்குச் சுள்ளென்று ஏறியது. “நீங்க பொட்டுக்கடலை இல்ல. அவரு ஏழாவது மதிலைக் கண்ணை மூடிட்டுத் தாண்டுவாரு. அவரு பேச்சு கத்தி மாதிரி இருக்கும். ஆரு உங்களை அனுப்புனது?”

அவர் திகைத்துப்போனார். “ஆரும் அனுப்பலைங்க. நானேதாங்க வந்தேன். உங்களைப் பார்க்கோணும்னுதான். உங்களுக்கு நல்லா நெனவிருக்குமே, என்ற சம்சாரம் தவறுனப்ப நீங்க எழுதுனது.”

“எப்பத் தவறுனாங்க?”

“மூணு வருசம் ஆச்சுங்க. அந்த ஞாயித்துக்கெழமை நானு எழுதுனேனுங்க, எங்கூட்டுல எழவு விழுந்துருச்சு, என்ற சம்சாரம் போயிட்டா, இந்த வாரம் ஆட வர முடியாது மன்னிச்சுக்கங்கன்னு. நீங்க உடனே பதில் போட்டீங்க. ‘எல்லாக் காரியமும் முடிச்சுட்டு மெதுவா வாங்க. அவசரமில்லை. நான் இங்கேயே இருக்கிறேன்’னு. அத்தனை பேரு வந்து என்னென்னமோ சொன்னாங்க. எனக்கு அது ஒண்ணுதாங்க ஆறுதலா இருந்துச்சு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. மறந்துபோகிற செய்தியா அது. ‘இந்த வாரம் உங்களோடு ஆடுவதற்குப் பதில் இழவு வீட்டில் போய் உட்காரலாம் என்று இருக்கிறேன்’ என்று எனக்கு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். திங்கட்கிழமை ரெஜினாவிடம் வாசித்துக் காட்டி மறுபடி சிரித்தேன். அதற்கு நான் எழுதின பதிலும் நினைவிருந்தது.

கன்ட்ரோலர் அமைப்பில் உணர்திறன் என்று ஒரு அளவு உண்டு. புதிதாக வருகிறவர்கள் அதைக் கடைசி வரை தள்ளிவிட்டு, இதுதான் என் கையின் அசல் வேகம் என்று பீற்றிக்கொள்வார்கள். அசல் நடுவில் இருக்கிறது முட்டாளே, கடைசியில் இருப்பது ஊதிப் பெருக்கினது என்று மன்றத்தில் எத்தனை பேரை நான் சந்தி சிரிக்க வைத்திருக்கிறேன். அதே முட்டாள்தனத்தைச் சொல்லில் செய்துவிட்டு இத்தனை வருடம் ஜம்பமாக உட்கார்ந்திருந்திருக்கிறேன். கூர்மை என்பது வடிகட்டாதது அல்ல. சாணை பிடித்தது. இந்த மனிதர் ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. எனக்குச் சண்டை இனிக்கிறது என்று என் நாடி சொன்னது, அவர் எழுதினதையெல்லாம் சண்டையாக்கிக் கொடுத்தார்கள். அவருக்கு அன்பு தேவைப்பட்டது, என் வசவையெல்லாம் அன்பாக்கி அவர் வீட்டு வாசலில் இறக்கினார்கள். என்னிடம் இருந்த மதில் மட்டும்தான் கல், அவர் வீட்டு மதில்கூட நெகிழ்ந்திருக்கிறது. கம்பி வழியே வந்த எதிராளி நெகிழ்ந்துகொண்டே இருந்திருக்கிறார்.

அவருக்கு இது எதுவும் தெரியவில்லை. என் முகத்தில் கண்டதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“என்ற பையன் செவிக்குமிழ் பதிச்சுக்கச் சொல்றானுங்க. காதுக்குள்ளயே வெச்சிருவாங்களாம், அப்பறம் கழட்ட முடியாதாம். நேர்ல பேசறதுகூட இதமாத்தான் கேக்குமாம். என்ற மருமக கொஞ்சம் வெடுக்குனு பேசுவா. அவனுக்கு நடுவுல மாட்டிட்டு முழிக்க முடியலைங்க. திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு மனசே இல்லீங்க. மனுசங்க பேசறதை மனுசங்க பேசற மாதிரியே கேக்கோணும். அதுக்குத்தான் உங்களைப் பார்க்க வந்தேன். கீழ, மாடி வாடகைக்குன்னு டு-லெட் போர்டு பார்த்தேன். பென்சன் வருது, ஆருக்கும் பாரமில்லை. பக்கத்துல உங்களாட்டம் ஒரு நல்ல மனுசி இருந்தாப் போதும், குமிழே எனக்கு வேண்டாமுங்க.”

சும்மா இருந்திருக்கலாம். ‘ஆமாம், நான்தான் எழுதினேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாடிக்குக் குடிவந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். என்னால் முடியவில்லை. நான் செய்யாத நல்லதை என் தலையில் கட்டினால் எனக்கு மூச்சு முட்டும்.

“நான் அப்படி எழுதலைங்க” என்றேன்.

“எப்படிங்க?”

“அவசரமில்லை, இங்கயே இருக்கேன்னு நான் எழுதலை. நீங்க எழுதுனது எனக்குத் திட்டா வந்துச்சு. நான் எழுதுன திட்டு உங்களுக்கு ஆறுதலா வந்துருக்குது. எல்லாம் அந்தச் சட்டத்தோட வேலை.”

அவர் டிவி பக்கம் திரும்பினார். மூன்றாவது மதிலுக்குக் கீழே அவருடைய ஆள் படுத்துக் கிடந்தான்.

“அப்ப, அன்னிக்கு என்ன எழுதுனீங்க?”

“அது எதுக்குங்க இப்ப.”

“சொல்லுங்க. தெரிஞ்சுக்கறேன்.”

சொன்னேன். “‘உங்கள் கட்டைவிரல் செத்து மூன்று நாள் ஆகிறது. சீக்கிரம் எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், நாற்றம் தாங்கவில்லை’ன்னு எழுதுனேன்.”

சொல்லும்போதுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவர் முகம் அப்படியே இருந்தது, உதடு மட்டும் வெளுத்தது.

“நான் அழுதுட்டேங்க அதைப் படிச்சுட்டு” என்றார் மெதுவாக. “என்ற பையனைக் கூப்பிட்டுக் காட்டுனேன். பாருடா, முன்னப்பின்ன பார்க்காத மனுசி எப்படி எழுதியிருக்காங்கன்னு.”

“எனக்கு எப்படித் தெரியும்? உங்க சம்சாரம் செத்ததை ஜோக்காக்கி எனக்கு அனுப்புனா நான் என்ன பண்ண முடியும்?” இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். எனக்கும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. என் எதிரி செத்துப்போயிருந்தார், அதுவும் பிறக்காமலே. அந்த ஆத்திரத்தை இவர் மேல் காட்டினேன். “இத்தனை வருசம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான் ஆரோட மல்லுக்கட்டுனேன்? மூணாவது மதிலை ஏறத் தெரியாத ஒரு ஆளோட. வெக்கமா இருக்குது எனக்கு.”

அவர் எழுந்தார். கன்ட்ரோலரைக் கம்பி சிக்காமல் சுருட்டி மேஜையில் வைத்தார். அவருக்குத் திட்டிப் பழக்கமில்லை. தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

“உங்களைச் சுத்தி ஏன் ஆருமே இல்லைன்னு இப்பத்தாங்க தெரியுது.”

அவ்வளவுதான் சொன்னார். ‘ங்க’ கூட விடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, “திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு பையன்கிட்டச் சொல்லிர்றேன்” என்றார். அது எனக்குச் சொன்னதா, அவருக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை.

நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருடம் தினுசு தினுசாகத் திட்டு வாங்கியிருக்கிறேன், ஒன்றுகூட வலித்ததில்லை. வலிக்காத அளவுக்கு நிறுத்து அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள். அதில் உவமை இருந்தது, நயம் இருந்தது. இந்த ஆள் சொன்னதில் ஒரு நயமும் இல்லை. நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நான் அழவில்லை. அண்ணன் பேச்சை நிறுத்தின அன்றைக்கும் இதே மாதிரிதான் ஒன்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது. ‘நேரில் பார்த்தபிறகுதான் தெரிந்தது, உங்கள் நாக்கு உங்கள் விரலைவிட வேகம். மதிலுக்குப் பதில் நாக்கையே ஆடவிடுங்கள்.’ படித்ததும் உடம்பு பழையபடி சுறுசுறுப்பானது. உதடு சிரித்தேவிட்டது. அந்தச் சிரிப்பை அறைந்து துடைக்க வேண்டும் போலிருந்தது.

நகர்த்துகோலைத் தேடி எடுத்து இடது கோடிக்குத் தள்ளினேன். அதே செய்தி மாறியது. ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. மனம்விட்டுப் பேசினீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’ நடுவில் நிறுத்தினேன். ‘வந்தேன், பேசினோம், திரும்பினேன்’ என்று இருந்தது. ஒரு நூல் இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு கடிதம், அந்தப் பக்கம் தள்ளினால் வேறு கடிதம். கன்ட்ரோலர் குச்சிக்காவது நடுவில் அசல் உண்டு. இதில் அசல் என்று ஓர் இடமே வைக்கவில்லை. அவர் மன்னித்து எழுதினாரா, இனி முகத்தில் விழிக்காதே என்று எழுதினாரா, எனக்குத் தெரிய வழியில்லை.

‘தப்பு என்மேல்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்’ என்று எழுதிவிட்டு அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இது அங்கே போய் என்னவாகும்? நான் கோழி வறுவல் செய்முறை எழுதி அனுப்பினாலும் அவருக்கு இதமாகத்தான் போய்ச் சேரும். மன்னிப்புக் கேட்டாலும் அதே இதம், எக்கேடும் கெட்டுப் போ என்றாலும் அதே இதம். எழுதினதை அழித்தேன். நேரில்தான் போக வேண்டும். வாயால் சொல்லி, அவர் வாயால் இன்னும் நாலு திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் உடனே கிளம்பவில்லை. ரோஷம் இழுத்துப் பிடித்தது. டாக்டருக்குத் தர வேண்டிய பல் செட்டு பாக்கி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமையும் அப்படியே போயிற்று.

புதன்கிழமை ரெஜினாவிடம் லேபை ஒப்படைத்துவிட்டுத் தாராபுரம் பஸ் ஏறினேன். பஸ் முழுக்க மணி கிணுகிணுத்துக்கொண்டே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், அதனால் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஆத்துப் பாலத்தில் இறங்கி ரைஸ்மில் சந்தை விசாரித்து வீட்டைப் பிடித்தேன். பெல்லை அழுத்தினேன். அவரேதான் கதவைத் திறந்தார்.

காதுக்குப் பின்னால் சின்னப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, இரண்டு பக்கமும்.

“அட, மேடம்ங்களா. உள்ள வாங்க, உள்ள வாங்க” என்றார். முகம் மலர்ந்திருந்தது. கோபத்தின் சுவடே இல்லை.

நான் வாசற்படியிலேயே நின்றேன். “நான் பேசுனது தப்புங்க. உங்க சம்சாரம் செத்த அன்னிக்கு எழுதுனதும் தப்பு, அன்னிக்கு லேப்ல வெச்சு சொன்னதும் தப்பு. நீங்க சொன்னது நெசம். என்னைச் சுத்தி ஆருமில்ல. அதுக்குக் காரணம் நான்தான். என்னை மன்னிச்சிருங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பூவைப் பார்ப்பது போல இதமாகச் சிரித்தார். “அதெல்லாம் பரவால்லீங்க. மழை வந்தா நல்லதுதானுங்களே. காபி போடச் சொல்லட்டுங்களா?”

மழையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. அதற்கும் அதே சிரிப்பு. உதட்டைப் பார்த்தாவது புரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னேன். அதே சிரிப்பு. என்னால் தாங்க முடியவில்லை. மூணாம் மதிலை ஏறத் தெரியாத கிழமே, காதை அடைச்சுக்கிட்டுக் கோழை மாதிரி ஓடிட்டியே என்று கத்தினேன். ‘நீங்கள்’ என்பதைக்கூட விட்டுவிட்டேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். அவர் மட்டும் அதே முகத்தோடு, “ரொம்ப சந்தோசமுங்க, நீங்க வந்ததே பெருசு” என்றார்.

அப்போது எனக்கு அழுகை வந்தது. சொல் இல்லாத அழுகை, இதையாவது விட்டுவைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் என் கண்களைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். என்ன விஷயம் என்று தெரியாமலே தானும் கூடச் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

“ஏனுங்க மேடம்,” என்றார், “கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு அப்படி என்னங்க சிரிப்பு?”